இனியாவின் தோட்டா

துப்பாக்கி கைக்கு வந்த பிறகுதான் பொங்கியண்ணன் தோட்டத்தில் அன்புச்செல்விக்கு நாற்காலி போட்டார்கள். அன்னூருக்கு வடக்கே இருக்கும் அந்தத் தோட்டத்தில் அவளுடைய அப்பா மாசாணமும் அம்மா பாவாத்தாளும் பல வருடம் கூலிக்குக் களை வெட்டியவர்கள். தாகமென்றால் வாசலுக்கு வெளியே நின்று, மேலிருந்து ஊற்றுகிற தண்ணீரைக் கையேந்திக் குடிக்க வேண்டும். அன்புச்செல்வி படித்துப் பரீட்சை எழுதி வனக்காப்பாளராகச் சேர்ந்த பிறகும் அந்த வீட்டில் அவள் "நம்ம மாசாணத்துப் புள்ள"தான். காக்கிச்சட்டையால் அதை மாற்ற முடியவில்லை.

பிறகு உத்தரவு ஒன்று வந்தது. காட்டை விட்டுத் தள்ளியிருக்கும் தோட்டங்களில் இறங்கி வெள்ளாமையை அழிக்கிற காட்டுப்பன்றிகளை வனத்துறை ஆட்கள் மட்டும் சுடலாம் என்றார்கள். ரேஞ்சர் அப்துல் வஹீது தன் சரகத்தில் ஆள் தேடினார். ஒருவருக்குக் கண்ணில் பிசகு, இன்னொருவர் தனக்கு வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டார். பயிற்சியில் எல்லோரையும்விட நன்றாகச் சுட்டவள் அன்புச்செல்வி என்பதால் துப்பாக்கி அவளிடம் வந்தது. பொங்கியண்ணனின் நிலக்கடலைக் காட்டில் ஒரு பெரிய கொம்பன் பன்றியை அவள் ஒரே குண்டில் சாய்த்தாள். அன்றைக்கு அவருடைய மனைவி பழனாத்தாள் உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உக்காருங்க மேடம்" என்றார் பொங்கியண்ணன். அன்புச்செல்வி உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய் இதை அம்மாவிடம் சொன்னபோது பாவாத்தாள் நம்பவில்லை. "அந்தூட்டு வாசல்லயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இதெல்லாம் இனியா வருவதற்கு முன்னால்.

இனியா பவானிக்காரி. அப்பா பேருந்து நடத்துநர். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு மாநில அளவில் போய் வந்தவள். புதிதாக வேலைக்குச் சேர்ந்து இந்தச் சரகத்துக்கு வந்த முதல் நாளே, "அன்புச்செல்வி அக்கா யாருங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். "உங்களப் பத்தி நெறையச் சொன்னாங்கக்கா. உங்ககூட வேல பாக்கறது எனக்குப் பெரிய விஷயமுங்க" என்றாள். அன்புச்செல்விக்கு அவளைப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தம் அவள் சுடுவதைப் பார்க்கும் வரைதான் இருந்தது.

இனியா துப்பாக்கியைப் பிடித்தால் அது அவளோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோல் இருக்கும். அவசரம் கிடையாது, தோள் இறுகாது, முகம் சுளியாது. பார்த்துக்கொண்டிருந்த வனத்துறை வாட்சர்கள் தங்களை அறியாமல் "அடடா" என்றார்கள். அன்புச்செல்வி பல மாதம் கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டது இவளுக்குச் சிரமமே இல்லாமல் வந்தது. அன்றைக்கு மத்தியானம் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் இருவரும் பொங்கியண்ணன் தோட்டத்துக்குப் போனார்கள். துப்பாக்கியை ரேஞ்சர் அன்றைக்கு இனியாவிடம் கொடுத்திருந்தார். மக்காச்சோளத்தில் பன்றி படுத்த தடம் பார்க்க வேண்டியிருந்தது. பழனாத்தாள் வழக்கம்போல ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தாள். வந்திருப்பது இரண்டு பேர் என்பதைப் பார்த்து ஒரு நொடி நின்றவள், இனியாவின் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தாள். நாற்காலியை அவள் பக்கம் வைத்தாள்.

"உக்காருங்க அம்மணி."

இனியா சட்டென்று அதை நகர்த்தினாள். "ஐயோ, அக்கா நிக்கறாங்க. அக்கா, நீங்க உக்காருங்க."

அன்புச்செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனியா பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தானே சம்பாதித்த நாற்காலியை இன்னொருத்தி தனக்குத் தானம் கொடுக்கிற மாதிரி இருந்தது. "தடம் பாக்க வந்தமா, உக்கார வந்தமா?" என்று சொல்லிவிட்டு மக்காச்சோளத்துக்குள் இறங்கி நடந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் புதுத் தோட்டா வந்தது.

அவர்களுடைய துப்பாக்கிக்கு அதுவரை வாங்கிக்கொண்டிருந்த பழைய தோட்டாவில் குறைகள் இருந்தன. சுட்டால் துப்பாக்கிக் கட்டை தோளில் உதைக்கிற உதையில் இரண்டு நாளைக்கு வலிக்கும். மழைக்காலத்தில் சில தோட்டாக்கள் வெடிக்காமல் வெறுமனே 'டிக்' என்று நின்றுவிடும். ஆனால் அதன் ஈயமுனைக் குண்டு பன்றியின் உடம்புக்குள் போனதும் நசுங்கி அங்கேயே தங்கிவிடும், மறுபக்கம் வெளியே வராது. அன்புச்செல்விக்கு அதன் குணம் முழுக்க அத்துப்படி.

புதிய தோட்டாவின் குண்டு முழுக்கச் செம்பு. எடை குறைவு, வேகம் அதிகம், உதையும் குறைவு. முனையில் சிறிய குழி இருந்தது. உடம்பில் பட்டதும் அந்தக் குழி பூ மாதிரி விரிந்து பன்றியை உடனே சாய்த்துவிடும் என்றார்கள். ஈயம் கிடையாது. அதனால் சுட்ட பன்றியைக் கழுகோ நரியோ தின்றாலும் விஷம் ஏறாது.

"ரெண்டு பேரும் சுட்டுப் பாத்து எப்படியிருக்குதுன்னு சொல்லுங்க" என்றார் ரேஞ்சர். "நல்லா இருந்தா இதையே வாங்கிரலாம். அடுத்த வாரம் மேலதிகாரி வாராரு. இனியா, நீயே அவருக்கு வெளக்கிச் சொல்லிரும்மா. கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டறதெல்லாம் உனக்குத்தான் வரும்."

அந்த நிமிடத்திலிருந்து அன்புச்செல்விக்கு அந்தத் தோட்டா இனியாவின் தோட்டா ஆகிவிட்டது. அது நன்றாக இருக்கக்கூடாது என்று விரும்பினாள்.

உத்தரவு வாங்கி, மலையடிவாரத்தில் வேலை நின்றுபோன ஒரு கல்லுக்குழியில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். முதலில் குறி அட்டை. இனியாவின் குண்டுகள் ஒரு தேங்காய் மூடிக்குள் அடங்குகிற மாதிரி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. அன்புச்செல்வி சுட்டபோது எல்லாம் கீழே போனது. இரண்டாவது தடவையும் கீழேதான். வாட்சர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, இது லேசான குண்டு பாருங்க" என்றாள் இனியா. "துப்பாக்கி உதைச்சு மேல ஏறதுக்குள்ள குண்டு வெளிய போயிருது. அதுனாலதான் கீழ அடிக்குது. கொஞ்சம் மேல புடிச்சுச் சுடுங்க, சரியாப் போயிருமுங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னாள். அன்புச்செல்வி குறியை உயர்த்திப் பிடித்துச் சுட்டாள். நடுவில் போய்ப் பட்டது. ரேஞ்சர் கைதட்டினார். பட்டதில்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. இனி இந்தத் தோட்டாவில் நன்றாகச் சுட்டாலும் அது இனியா சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும்.

அடுத்தது, குண்டு உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்ப்பது. தார் வெட்டிய வாழைமரங்களைத் துண்டு போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிறுத்தி, பின்னால் செம்மண்ணை மேடாகக் குவித்திருந்தார்கள். பழைய குண்டு பாதி மரங்களைத் துளைத்து நின்றது. புதுக் குண்டும் அப்படியே நின்றது. வெட்டி எடுத்துப் பார்த்தால் அதன் முனை நான்கு இதழாக விரிந்து, நகைக்கடையில் வைத்த மாதிரி மின்னியது. எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"தூரத்துல இருந்தும் ஒண்ணு சுட்டுப் பாரு" என்றார் ரேஞ்சர். இனியா குழியின் மறுகோடிக்குப் போய்ச் சுட்டாள். வாழைமரம் ஆடியது. "அங்கிருந்தும் வச்சுட்டா பாருங்க!" என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொள்ளவே எல்லோரும் ஜீப்புக்கு ஓடினார்கள். அந்தக் கடைசிக் குண்டை யாரும் தேடவில்லை.

வாழைத் துண்டுகளை ஒதுக்கிப் போடுவதற்காக அன்புச்செல்வி மட்டும் பின்தங்கினாள். கடைசிக் குண்டு பட்ட இடத்தில், முன்மரத்தில் விரல் நுழையாத அளவுக்குச் சின்ன ஓட்டை. அடுத்ததிலும் அதே ஓட்டை. கடைசி மரத்திலும் அதே அளவு. அவள் செம்மண் மேட்டைக் கையால் கிளறினாள். முழங்கை ஆழத்தில் குண்டு கிடைத்தது. விரியவே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி கூர் மாறாமல் இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கிட்டத்தில் வேகமாகப் போய்ப் படும்போது இது விரிகிறது. தூரம் போனால் வேகம் தணிந்து, விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகிறது. பன்றியைத் தாண்டி மறுபக்கம் வரும். வந்தபிறகு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஜீப்பில் இனியா பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்கக்கா, நனஞ்சுபோட்டீங்களே" என்று தன் துண்டை நீட்டினாள். அன்புச்செல்வி துண்டை வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டாள். குண்டு அவளுடைய சட்டைப்பையில் இருந்தது. சொல்லவில்லை.

வீட்டில் கணவன் சாமுவேலிடம் மட்டும் காட்டினாள். அவன் மோட்டார் பம்ப் செய்கிற பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். குண்டை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும், "ரேஞ்சர்கிட்டக் குடுக்கலியா?" என்றான்.

"குடுப்பேன். மேலதிகாரி வரட்டும். அந்தப் புள்ள படம் போட்டுக் காட்டி, இந்தத் தோட்டா மாதிரி உண்டான்னு சொல்லி முடிக்கட்டும். அப்ப எடுத்து மேசை மேல வெப்பேன்."

சாமுவேல் குண்டை விரலிடுக்கில் உருட்டினான். "அதுவரைக்கும் யாராச்சும் இதுல சுட்டா?"

"யாரும் சுட மாட்டாங்க. இன்னும் முடிவே ஆகல."

"அன்பு, அந்தப் புள்ள உனக்கு என்ன பண்ணுச்சு?"

ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் பதில், அதைச் சொல்ல வாய் வரவில்லை. குண்டை வாங்கிப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாள். அடுத்த நாள் எடுத்து மறுபடியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். கூட்டத்தில் அதை வைக்கும்போது இனியாவின் முகம் எப்படிப் போகும் என்பதை வண்டி ஓட்டும்போதெல்லாம் நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது.

மேலதிகாரி வருவதற்கு முன்பே பொங்கியண்ணன் அலுவலகத்துக்கு வந்து நின்றார். ஏழெட்டுப் பன்றிகள் மக்காச்சோளத்தில் இறங்கிக் கதிர் பிடித்த பயிரை உருட்டித் தள்ளியிருந்தன. "கொளத்துக்கு அத்திக்கடவுத் தண்ணி வந்துதேன்னு கடன வாங்கி வெதச்சனுங்க. இன்னும் நாலு நாள் போனாச் சோளத்தட்டுகூட மிஞ்சாதுங்க" என்றார். ரேஞ்சர் விடிகாலையில் போகச் சொன்னார். பழைய தோட்டா நனைந்து கெட்டிருந்தது. "புதுசையே எடுத்துக்க இனியா. கையோட தோட்டத்துலயும் பாத்த மாதிரி ஆச்சு" என்றார்.

அன்புச்செல்வி சொல்ல வாயெடுத்தாள். இனியா துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க பக்கத்துல இருந்து எடஞ் சொல்லுங்கக்கா, நான் சுட்டுக்கறேன்" என்றாள். தன் வேலையைத் தனக்கே பங்கு பிரித்துக் கொடுக்கிறாளே என்று அன்புச்செல்விக்குப் பட்டது. வாய் மூடிக்கொண்டது. கிட்டத்தில்தானே சுடப்போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வெளிச்சம் வந்ததும் வாட்சர்கள் ஒரு பக்கமிருந்து தகரம் தட்டிக்கொண்டு மக்காச்சோளத்துக்குள் நுழைந்தார்கள். இனியாவும் அன்புச்செல்வியும் மறுபக்க வரப்பில் முட்டி போட்டிருந்தார்கள். பின்னால் பொங்கியண்ணன். பன்றிகள் அவர்கள் நினைத்த இடத்தில் வரவில்லை. வெகுதூரம் தள்ளி, மக்காச்சோளக் காட்டின் கடைசி மூலையில், முதலில் ஒரு பெரிய பன்றி தலையை நீட்டியது. வேலியோரம் வந்து பக்கவாட்டில் நின்றது.

இனியா துப்பாக்கியைத் தூக்கினாள். அவளுடைய மூச்சு மெதுவாகி நின்றது. இவள் அடித்துவிடுவாள் என்று அன்புச்செல்விக்குத் தெரிந்தது. அந்தக் கிளுவை வேலிக்குப் பின்னால் ஒரு வண்டிப்பாதை இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் தெரியாது. களை வெட்ட வந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூட லீவு நாட்களில் சோறு கொண்டுவந்தது அந்தப் பாதையில்தான். இப்போது காலையில் மில் வேன் அதில் வருகிறது, பால்காரர்கள் வருகிறார்கள்.

"சுடாத!" என்று கத்திவிட்டாள். கத்தியதோடு நிற்காமல் துப்பாக்கியைக் கையால் மேலே தள்ளினாள்.

பன்றி வேலிக்குள் புகுந்து மறைந்தது. அதன் பின்னாலேயே மற்றவையும் போயின.

"அட கெரகமே!" பொங்கியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நின்னுச்சேம்மா! பொம்மையாட்ட நின்னுச்சே! ஏனம்மா தடுத்தே?"

"வேலிக்கு அக்கட்டால வண்டித்தடம் இருக்குதுங்க."

அவர் வரப்பில் ஓடி, வேலியை விலக்கி எட்டிப் பார்த்தார். வாட்சர்களும் போய்ப் பார்த்தார்கள். பாதை வெறுமனே கிடந்தது. "ஒரு ஈ காக்கா இல்ல, வந்து பாருங்க" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். பிறகு திரும்பி வந்து, அவளைப் பார்க்காமல் வாட்சரிடம் சொன்னார்: "அந்தம்மிணி சுட்டுப் பேரு வாங்கிருமேன்னு இதுக்கு வயித்தெரிச்சல். வந்த நாள்ல இருந்து நானுந்தான் பாக்கறனே."

வாட்சர்கள் யாரும் அதை மறுக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் அது ஏற்கனவே தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் அன்புச்செல்விக்கு விளங்கியது.

இனியா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "பழைய தோட்டாவுல இதே மூலையில நீங்களே சுட்டிருக்கீங்கன்னு சொன்னாங்களேக்கா. உள்ளயே நின்னுரும்னுதான நானும் குறி வெச்சேன்?"

அதற்குப் பதில் சட்டைப்பையில் இருந்தது. எடுத்தால் அந்தக் காலையில் தான் செய்தது சரியென்று ஆகும். இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டிருந்ததும் வெளியே வரும். எடுக்காவிட்டால் பொறாமையில் தடுத்தவள் என்ற பேரோடு போக வேண்டும். மறுநாள் வேறு எங்காவது இனியா இதே தோட்டாவால் தூரத்தில் சுடுவாள். அன்புச்செல்வி குண்டை எடுத்து நீட்டினாள்.

இனியா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். படித்தவள், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்தது. வேலியைப் பார்த்தாள், மறுபடி குண்டைப் பார்த்தாள்.

"இது நான் கடைசியாச் சுட்டது."

"ஆமா."

"அன்னிக்கே எடுத்துட்டீங்களா?"

"அன்னிக்கேதான்."

"துண்டு குடுத்தனே, அப்ப இது உங்ககிட்ட இருந்துச்சா?"

அன்புச்செல்வி தலையாட்டினாள். இனியா துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். ஜீப்பில் ஏறும்போது, "தள்ளி உக்காருங்க மேடம்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அன்புச்செல்வி 'மேடம்'தான்.

விஷயம் தெரிந்ததும் ரேஞ்சர் கதவைச் சாத்திவிட்டு அன்புச்செல்வியிடம் பேசினார். "ஒரு உசுரு போயிருந்தா அந்தப் புள்ள செயிலுக்குப் போயிருக்கும். உனக்குத் தெரிஞ்சே போயிருக்கும்" என்றார். எழுத்தில் எதுவும் வைக்காமல், அந்தப் பருவம் முடியும்வரை துப்பாக்கியைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மேலதிகாரி வந்த கூட்டத்தில் இனியா படம் போட்டுக் காட்டினாள். விரிந்த குண்டையும் விரியாத குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தத் தோட்டா கிட்டத்தில் நல்லது, தூரத்தில் ஆபத்து, பின்னால் மண்கரை இல்லாமல் இதைச் சுடவே கூடாது என்றாள். அப்படியே முடிவாயிற்று. "இதைக் கண்டுபிடிச்சது அன்புச்செல்வி மேடம் சார்" என்றும் சொன்னாள். ஒளித்து வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலதிகாரி அன்புச்செல்வியைப் பாராட்டினார். பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றபோது, இந்தப் பெருந்தன்மையும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அவளுக்கு மறுபடி எரிந்தது. வெளியே வந்து குழாயில் முகம் கழுவினாள். இத்தனைக்கும் பிறகு இன்னும் இப்படி இருக்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அந்தப் பருவம் முழுக்க அவள் தகரம் தட்டும் ஆட்களோடு மக்காச்சோளத்துக்குள் நடந்தாள். இலை முகத்தை அறுத்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் வேலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே நடந்து பார்த்து இனியாவிடம் சொன்னாள். இனியா "சரிங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டாள், சொன்னபடியே செய்தாள், நன்றாகவும் சுட்டாள். பொங்கியண்ணன் காட்டில் இரண்டு பன்றிகள் விழுந்தன. மிச்ச வெள்ளாமை தப்பியது.

தை பிறந்த பிறகு ரேஞ்சர் துப்பாக்கியைத் திரும்ப அன்புச்செல்வியிடம் கொடுத்தார். இனி முறை வைத்துக்கொள்ளச் சொன்னார். அவளுடைய முதல் முறை ஒரு கரும்புத் தோட்டத்தில் வந்தது. கரும்பு இடுக்கிலிருந்து பன்றி பாய்ந்து வந்தது, நிற்கவே இல்லை. ஓடுகிற பன்றி, இரண்டு கரும்புப் பார்களுக்கு இடையில் கண்ணிமைக்கிற நேரம் மட்டும் தெரிந்தது. அவள் யோசிக்காமல் சுட்டாள். எதிரே இருந்த வாய்க்கால் கரைக்கு முன்னாலேயே அது குட்டிக்கரணம் அடித்து விழுந்தது. வாட்சர்கள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஓடுகிற பன்றியை அந்தச் சரகத்தில் யாரும் அப்படி அடித்ததில்லை. இனியாவும் அடித்ததில்லை.

அன்புச்செல்வி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இனியா சிரித்தாள். "நல்ல ஷாட்டுங்க மேடம்" என்றாள். சிரிப்புக்கு முன்னால் ஒரு நொடி அவள் உதடு இறுகி, பார்வை வேறு பக்கம் போயிருந்தது. அது என்னவென்று அன்புச்செல்விக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல மாதமாக அவள் அதோடுதான் குடியிருந்தாள்.

"அடுத்த தடவ உம்பட முறை கண்ணு" என்றாள்.

இனியா பன்றியைப் பார்க்கப் போனாள். வண்டியை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேரும்வரை அன்புச்செல்விக்குச் சந்தோஷமாக இருந்தது. சாமுவேல் கேட்டபோது பன்றி விழுந்ததை மட்டும் சொன்னாள், இனியாவின் உதடு இறுகியதைச் சொல்லவில்லை.